இறங்கும்போது மட்டும்

மூன்றாவது வளைவு வரைக்கும் கால் சும்மா இருந்தது. நாலாவது வளைவில், சீமெந்துப் பாலத்தைத் தாண்டியதும், வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் அது தொடங்கியது. முதலில் ஒரு உரசல். பத்து அடி நடந்ததும் எரிச்சல். இருபது அடியில் எலும்போரமாக யாரோ கம்பியை விட்டுத் திருகுகிற மாதிரி. சுவக்கின் நிற்கவில்லை. நின்றால் மறுபடி காலைக் கிளப்புவது இன்னும் கஷ்டம். தோளில் கிடந்த தபால் பையை முதுகுக்குத் தள்ளிவிட்டு, முழங்காலை மடக்காமல் காலை விறைப்பாக வீசி வைத்து இறங்கினான்.

ஹந்தானை மலையில் அவன் வேலை செய்கிற தேயிலைத் தோட்டத்து ஆபீசிலிருந்து கண்டி டவுனுக்கு ஆறு மைல். ஏழு மணிக்குப் பையை வாங்கிப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தால் ஒன்பதுக்கு முன்னால் தபால் கந்தோரில் நிற்க வேண்டும். ஆபீசுக் கடிதங்கள், கொழும்புக்குப் போகிற தேயிலைச் சாம்பிள் டின்கள், லயத்துக் குடியிருப்பு ஆட்களின் மருந்துத் துண்டுச் சீட்டுகள் எல்லாம் அந்தப் பைக்குள்தான் போகும். திரும்பும்போது கடிதங்களோடு துரை பங்களாவுக்குப் பாண் ரொட்டியும் இறைச்சியும் சேரும். அப்போது பை இரண்டு பங்கு கனம். ஆனாலும் ஏறும்போது கால் நோவதில்லை. சுமையோடு ஏறுகிற கால், சுமை குறைந்து இறங்கும்போது மாட்டேன் என்றது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆள் இல்லாத இடங்களில் திரும்பி நின்று பின்பக்கமாக நடந்து இறங்கினான். அப்படி இறங்கினால் நோவு குறைவு. ஒருநாள் கொழுந்தெடுக்கிற பெண்கள் மேலேயிருந்து கண்டுவிட்டார்கள்.

"என்ன தபால்காரரே, றோச விட்டுட்டுப் போக மனசு வரலையா?" என்று அவன் மனைவி றோசைச் சொல்லி யசோதா கத்தினாள். அன்றைக்குப் பின்னேரம் வரை மலையில் அதுதான் பேச்சு.

அடிவாரத்தில் செக்பொயின்ட் இருந்தது. கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு வைத்தது. மணல் மூட்டை, தகரக் கூரை, குறுக்கே ஒரு மூங்கில். அங்கே நின்ற ஆமிக்காரர்களுக்கு அவனைத் தெரியும். பையைத் திறந்து காட்டுவான். ஒருவன் சாம்பிள் டின்னை ஆட்டிப் பார்த்துவிட்டு எங்களுக்கு இல்லையா என்று சிங்களத்தில் கேட்பான். கால் என்ன என்று கேட்டபோது, பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்துவிட்டேன் என்று சொல்லிவைத்தான். இருபத்தேழு வயதுத் தமிழன் நொண்டிக்கொண்டு டவுனுக்குள் வருவது யுத்தம் நடக்கிற அந்த வருஷம் நல்லதில்லை என்று அவனுக்குத் தெரியும். மூங்கிலுக்கு இருபது யார் தூரத்துக்கு முன்னாலேயே பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடக்கப் பழகியிருந்தான்.

தோட்டத்து மருந்துக்காரர் தைலம் கொடுத்தார், வில்லை கொடுத்தார். ஒரு மாதம் போயும் குறையவில்லை. ஓகஸ்ட் மாதம், தபாலைக் கொடுத்துவிட்டு பெரியாஸ்பத்திரி வரிசையில் போய் நின்றான். மூன்று நாள் அப்படி வரிசையில் நின்றதில், கடைசியாக அவனைப் பிசியோ மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். லீலாதேவி என்று பெயர். யாழ்ப்பாணத்து அம்மா. நரைக்கத் தொடங்கிய தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"இறங்கேக்க மட்டுமோ நோகுது?" என்று அவளே கேட்டாள்.

சுவக்கின் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

காற்சட்டையைச் சுருட்டச் சொல்லி, தொடையிலிருந்து கணுக்கால் வரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்காலின் வெளிப்பக்கத்து முண்டில் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, காலை மடக்கி நீட்டச் சொன்னாள். அவன் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டான். எந்தத் தோளில் பை, பாதையில் எந்தப் பக்கத்தால் நடக்கிறது என்றெல்லாம் விசாரித்தாள். பார்த்ததையும், பார்த்து இல்லையென்று கண்டதையும் ஒன்றுவிடாமல் கிளினிக் காட் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதினாள். நோயின் பெயர் ஒரு வரி நீளத்துக்கு இருந்தது.

"இது முழங்காலுக்குள்ள இருக்கிற வருத்தமில்லைத் தம்பி. இடுப்பில இருந்து தொடையின்ர வெளிப்பக்கத்தால தோல்வார் மாதிரி ஒரு பட்டி வருது. நீர் சரிவில இறங்கேக்க ஒவ்வொரு அடிக்கும் அது எலும்பில உரசுது. உரசி உரசிப் புண்ணாப் போச்சு. மருந்தில்லை. ஆறு கிழமை, ஒண்டரை மாசம், சரிவு இறங்காம இருந்தா போயிடும்."

"எங்கூட்டு வாசலே சரிவுதாங்க, மிஸ்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். சுவரோரம் நின்று நோகிற காலை மற்றக் காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, இடுப்பை வெளியே தள்ளிச் சாய்வது ஒன்று. பக்கவாட்டில் படுத்துக்கொண்டு மேல் காலைத் தூக்கித் தூக்கி இறக்குவது மற்றது. பதினைந்து தரம், மூன்று முறை, காலையும் மாலையும். தோட்டத்துக்குக் கொடுக்க ஒரு துண்டும் எழுதித் தந்தாள்.

அந்தத் துண்டைப் பெரிய கிளாக்கர் நவரட்ணராஜா இரண்டு தரம் வாசித்தார். கெட்ட மனிதரில்லை. ஆறு கிழமை லீவு கேட்டால் துரை கொடுப்பார் என்றும், அந்த ஆறு கிழமைக்கு அதே லயத்து அழகரிடம் பை போகும் என்றும், போன பை திரும்பி வருமென்று தன்னால் சொல்ல முடியாதென்றும் சொன்னார். பை இல்லாவிட்டால் பிறகு தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைதான். கவ்வாத்து மலை நாலாவது வளைவை விடச் செங்குத்து. சமதரையில் ஏதாவது வேலை உண்டா என்று சுவக்கின் கேட்டான்.

"சமதரையில வேலை எனக்கும் துரைக்கும்தான் இருக்கு," என்றார் நவரட்ணராஜா. துண்டை மடித்து அவனிடமே கொடுத்தார். அவன் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் ஏழு மணிக்குப் பைக்குக் கையெழுத்து வைத்தான்.

பயிற்சியை விடவில்லை. லயத்துக் காம்பராவில் அடுப்புக்கும் பெட்டிக்கும் நடுவே ஓராள் நீளத்துக்கு இடம் இருந்தது. அதில் பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவான். றோஸ் மாவைப் பிசைந்துகொண்டே எண்ணுவாள். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துக் காம்பராக் கறுப்பையாவின் குரல் வரும்.

"யாரப்பா அங்க ஒதைக்கிறது? நீயா, ஒன் பொண்டாட்டியா?"

"நாந்தான் மாமா. ஒங்களுக்கும் நாலு வேணுமா?" என்பாள் றோஸ். சுவக்கின் சிரித்து எண்ணிக்கையை விட்டுவிடுவான். அவள் முதலிலிருந்து எண்ண வைப்பாள்.

சனிக்கிழமை இரவு கொஞ்சம் சுகமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய் முழங்காலில் நிற்கக்கூட முடியும். திங்கட்கிழமை நாலாவது வளைவில் எல்லாம் பழையபடி.

செப்டெம்பர் மாதம் நோவு இரண்டாவது வளைவுக்கே வந்துவிட்டது. செக்பொயின்டில் நேராக நடக்கிற இருபது யாரில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஜமால்தீனைப் பற்றிச் சொன்னது அழகர்தான். அலவத்துகொடையில் நரம்பு பார்க்கிறவர். அழகரின் அண்ணனுக்குத் தோள்பட்டையில் சூடு வைத்து, மூன்றாம் நாள் விறகு பிளக்க வைத்தவர். பை தனக்கு வரட்டும் என்று அழகர் நினைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுவக்கினும் றோசும் அழகரும் பஸ் ஏறிப் போனார்கள். ஜமால்தீன் அறுபது வயதுக்காரர், ஒல்லி. வீட்டுக்குப் பின்னால் கராம்பு மரத்தடியில் உட்கார ஒரு வாங்கு போட்டிருந்தார். சுவக்கின் சொன்னதைக் கேட்டுக்கொண்டே தொடையின் வெளிப்பக்கத்தால் விரலை ஓட்டி, லீலாதேவி அழுத்திய அதே முண்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆசுபத்திரில என்ன செல்லினாங்க?"

"ஆறு கெழம எறங்கக் கூடாதுன்னாங்க நானா."

"சரியாத்தானே செல்லி ஈக்கி. ஏன் கேக்கல்ல?"

ஜமால்தீன் அவனுடைய செருப்பைப் பார்த்தார். வலது செருப்பு வெளியோரமாகத் தேய்ந்து தரை தெரிந்தது. அதற்குமேல் கேட்காமல் ஒரு மஞ்சள் கொம்பை எடுத்து, நுனியை விளக்கில் காட்டி, சிவந்து புகைகிற வரை பிடித்தார். அழகர் தோளைப் பிடித்துக்கொண்டான். றோஸ் மரத்தைப் பார்த்தாள். முண்டுக்கு மேலே ஒன்று, முண்டில் ஒன்று, கீழே ஒன்று. பத்துச் சதக் காசளவில் மூன்று வட்டம். இறைச்சி பொசுங்குகிற மணம் வந்தது.

காசு வாங்கவில்லை. அடுத்த தரம் வந்தால் நல்ல தேயிலையாகக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் படாமல் ஒரு கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார். மறுநாள் ஏழு மணிக்குச் சுவக்கின் பைக்குக் கையெழுத்து வைத்தான்.

வியாழக்கிழமை, மூன்றில் நடுவில் இருந்த புண் பழுத்து, காற்சட்டைத் துணி அதில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் துணி இழுத்தது. உள்ளே இருந்த நோவும் மேலே இருந்த நோவும் வேறு வேறாகத் தெரிந்தன. மூங்கிலுக்கு இருபது யார் முன்னால் அவன் நேராக நடக்கப் பார்த்தான். முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மணல் மூட்டைக்குப் பின்னால் தெரிந்த முகம் ஒன்றுகூட அவனுக்குப் பழக்கமில்லை. முதல்நாள் பின்னேரம் ஆட்களை மாற்றியிருந்தார்கள்.

அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பையைக் கொட்டினார்கள். காற்சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். ஒட்டியிருந்த துணியை அவன் மெதுவாகப் பிரித்தான். அவசரப்பட்ட ஒருவன் இழுத்துவிட்டான். மூன்று வட்டத்தையும் பார்த்ததும், குனிந்திருந்தவன் எழுந்து இரண்டடி பின்னால் போய்த் துவக்கை நீட்டினான். சுவக்கின் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மஞ்சள் என்றான், மருந்து என்றான். கானுக்குள் விழுந்ததாக முந்தி நின்றவர்களிடம் சொன்னதும், பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருந்தவர் மூலமாகப் பத்து நிமிடத்தில் அவர்களுக்குத் தெரியவந்தது.

பகல் ஒரு மணிக்குத் தோட்டத்து ஆபீசு முற்றத்தில் ஆமி ஜீப் வந்து நின்றது. றோசுக்குச் செய்தி எட்டி அவள் மலையிலிருந்து ஓடி வந்தபோது ஜீப் போய்விட்டது. ஆபீசு மேசையில் பை இருந்தது. நவரட்ணராஜா கடிதங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு சாம்பிள் டின் மட்டும் நெளிந்திருந்தது.

"ஆள் எங்கங்கையா?" என்று கேட்டாள் றோஸ்.

"பையைத்தான் கொண்டுவந்து தந்தவை," என்றார் அவர்.

மறுநாள் ஏழு மணிக்கு அழகர் கையெழுத்து வைத்தான்.

றோஸ் காம்பராவில் பெட்டியைக் கவிழ்த்துக் கிளினிக் காட்டைக் கண்டுபிடித்தாள். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவனை அடைத்து வைத்திருந்த பொலிசுக்குப் போனாள். இரண்டு நாள் வாசலில் நின்றபிறகு விசாரிக்கிற அதிகாரியைப் பார்க்க முடிந்தது. அவர் காட்டை வாங்கி நிதானமாக வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். பக்கத்தில் நின்ற, தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் அதை அவளுக்குச் சொன்னார். வலது காலில் காயமோ தழும்போ எதுவும் இல்லை என்று ஓகஸ்ட் மாதம் எழுதியிருக்கிறது. இப்போது மூன்று காயம் இருக்கிறது. இடையில் உன் புருஷன் எங்கே போனான்?

அலவத்துகொடைக்கு என்றாள் றோஸ். போய் ஜமால்தீனை அழைத்துவந்தாள்.

ஜமால்தீன் வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மகன் வேண்டாம் என்று வாசலை மறித்து நின்றான். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் கொம்பு இரண்டை ஒரு கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பொலிசில் அதை மேசையில் வைத்து, எப்படிச் சுட்டேன், எங்கே வைத்தேன் என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். அதிகாரி இடையில் மறிக்கவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். வெடி பட்ட துவாரத்தை மறைக்க அதன்மேல் சூடு வைத்தால் அதுவும் இப்படித்தானே இருக்கும்? நீர் எதன்மேல் சுட்டீர் என்று யாருக்குத் தெரியும்? முழங்காலில் உண்மையாக வருத்தம் இருந்தால் அது வைத்தியம். இல்லாவிட்டால் அது மறைப்பு. மறைத்தவருக்கும் சட்டம் இருக்கிறது. வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று அரசாங்க டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜமால்தீன் கடதாசிச் சுருளை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இறங்குகிற இடம் தாண்டிப்போனது அவருக்குத் தெரியவில்லை. றோஸ்தான் மணியை அடித்தாள்.

அவள் மறுநாள் லீலாதேவியிடம் போனாள். கிளினிக் முடிகிறவரை வெளியே காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். தான் எழுதிய வரியையே அதிகாரி பிடித்துக்கொண்டார் என்று கேட்டதும் லீலாதேவி அறைக் கதவை உள்ளிருந்து சாத்தினாள். அவளும் கண்டியில் ஒவ்வொரு மாதமும் பொலிசில் பதிவு வைத்து இருக்கிறவள்தான். என்றாலும் எடுத்த எடுப்பில் ஒரு கடிதம் எழுதினாள். நோயின் பெயர், எங்கே அழுத்தினால் நோகும், எப்படி நடக்கும்போது நோகும் என்று. எழுதி முடித்து உறையில் போட்டாள்.

"டொக்டர் பாக்கேக்க படியால இறங்கிக் காட்டச் சொல்லும் பிள்ளை. சும்மா நிக்கேக்க ஒண்டும் தெரியாது. இறங்கினாத்தான் தெரியும். எப்ப பாக்கினமாம்?"

"நவம்பர் பத்துன்னாங்க மிஸ். அதுக்கு முந்தி டாக்டருக்கு நேரமில்லையாம்."

லீலாதேவி சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். ஒரு தாளைத் தூக்கி அடுத்த மாதத்தையும் பார்த்து, கிழமைகளை விரலால் எண்ணினாள். ஆறுக்கு மேல் வந்தது.

"முந்திப் பாக்கேலாதோ எண்டு கேளும்," என்றாள். "கெஞ்சியெண்டாலும் கேளும்."

றோஸ் கேட்டாள். நான்கு தடவை போய்க் கேட்டாள். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திகதி மாறவில்லை.

சுவக்கினை வைத்திருந்த அறையில் பதினோரு பேர். சீமெந்துத் தரை, நாலு பக்கமும் சமம். மலசலகூடத்துக்குப் பதினெட்டு அடி. அடித்தது முதல் இரண்டு கிழமைதான், அதுவும் காலில் அடிக்கவில்லை. காலை டாக்டர் பார்க்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. காலையிலும் மாலையிலும் மற்றவர்கள் நகர்ந்து இடம் விட, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கி இறக்கினான். சுவரோரம் குறுக்கே கால் வைத்துச் சாய்ந்தான். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து எண்ணினான். மூன்று வட்டமும் காய்ந்து பக்கு உதிர்ந்து வெள்ளையாகின. றோஸ் வந்து கம்பிக்கு வெளியே நின்று, படியால் இறங்கிக் காட்டச் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போனாள். அதை அவன் செபம் மாதிரி மனதில் வைத்துக்கொண்டான்.

நவம்பர் பத்தாம் திகதி, அரசாங்க டாக்டரின் அறைக்கு விலங்கோடு கொண்டுபோனார்கள். டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். விலங்கைக் கழற்றச் சொன்னார். லீலாதேவியின் கடிதம் அவர் முன்னால் விரித்தபடி இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, சொன்ன இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தி, காலை மடக்கி நீட்ட வைத்தார். நோகுதா என்று கேட்டார்.

சுவக்கின் காத்திருந்தான். பெருவிரலின் அழுத்தம் மட்டும் தெரிந்தது.

"இப்ப இல்லைங்க. எறங்கும்போது மட்டுந்தாங்க."

டாக்டர் தலையாட்டினார். கடிதத்திலும் அப்படித்தான் இருந்தது. அறைக்கு வெளியே விறாந்தை, விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு நாலு படி. எழுதுகிற பலகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்று, இறங்கச் சொன்னார்.

முற்றத்துக்கு அப்பால் கம்பி வேலியோரம் றோஸ் நின்றாள். முதலாவது படியில் அவன் காலை வைத்தான். நாலாவது வளைவில் காத்திருப்பது போலக் காத்திருந்தான். இரண்டாவது படி. மூன்றாவது படி. சரளைக்கல் வெறுங்காலில் குத்தியது. முழங்கால் மடங்கி, நீண்டு, மடங்கியது. மாதக் கணக்கில் நொண்டிய மனிதன் நேராக நடந்து வருவதைக் கண்டு, யோசிக்கிறதுக்கு முன்னாலேயே றோசின் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. நெஞ்சில் கை நிற்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நோவு?" என்றார் டாக்டர்.

"இன்னொருக்கா எறங்குறேங்க."

ஏறி வந்து இறங்கினான். இந்தத் தரம் வேகமாக. பிறகு தோளைச் சாய்த்துக்கொண்டு, பை தொங்குகிற பக்கமாக. பிறகு படியின் ஓரத்தால், பாதையோரத்தில் இறங்குகிற மாதிரி. மூச்சு வாங்கியது. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரிடம் தோளில் வைக்க ஏதாவது கனம் தர முடியுமா என்று கேட்டான். பொலிஸ்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"வந்துரும் சார்," என்றான் சுவக்கின். "கொஞ்ச தூரம் எறங்கினாத்தான் வரும். நாலு படி பத்தாதுங்க."

டாக்டர் எழுதி முடித்துப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். சுவக்கின் திரும்பி மறுபடி படியேறினான்.